கிழிந்த இடத்தில் அல்ல... கிழியப்போகிற இடத்தில் போடணும் ஒட்டு! பட்டுத் தறியைக் காப்பாற்றும் தார்ப்பாய் தையல்

காஞ்சீபுரம்,

ஆவணி, புரட்டாசியில் சாயங்கால மழை. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. காஞ்சீபுரத்துக்கு மழை இரண்டு தவணையாகத்தான் வரும்.

முதல் தவணையில் தார்ப்பாயில் தம்மாத்துண்டு ஓட்டை தெரியும். "அப்புறம் பாத்துக்கலாம்" என்று மடித்து பரண் மேல் போட்டு விடுவார்கள். இரண்டாவது தவணையில் அந்த ஓட்டை வழியாக சொட்டும் தண்ணீர், நேராகத் தறியில் இருக்கும் பட்டுப் பாவில் விழும். அதன் பிறகு தலையில் கை வைத்து என்ன பிரயோஜனம்?

பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் மழைக்காலம் என்றாலே வயிற்றில் புளியைக் கரைக்கும். குழித்தறியில் நெசவாளி உட்கார்ந்து காலைத் தொங்கப்போடும் குழியில் கீழே இருந்து தண்ணீர் ஊறும். மேலே ஓட்டுக் கூரை ஒழுகும். குழியில் ஊறும் தண்ணீரை வாளியில் இறைத்துக் கொட்டலாம். மேலே இருந்து சொட்டுவதுதான் பெரிய வினை.

காரணம், கூரைக்குப் பக்கத்தில் முதலில் இருப்பது ஜக்கார்டு பெட்டி. சேலையின் பார்டரில் மயிலா, யாளியா, ருத்திராட்சமா என்று முடிவு செய்யும் துளை போட்ட அட்டைகள் அதில்தான் வரிசையாகக் கோர்த்துத் தொங்கும். அட்டை நனைந்தால் உப்பும், வளையும். துளை இடம் மாறினால் ஊசி சரியாக இறங்காது. மயில் மூக்கு கோணிக்கொள்ளும்.

அதற்குக் கீழே பாவு. சாயம் போட்ட பட்டு இழை நனைந்தால் ஒரு நிறம் இன்னொரு நிறத்தில் இறங்கும் ஆபத்து உண்டு. ஜரிகை என்பது வெள்ளி இழை மேல் தங்க முலாம் பூசியது. அது ஈரத்தில் கிடந்தால் மங்கி, கறுத்துப்போகும்.

ஒரு சேலை இறங்க வேலைப்பாட்டைப் பொறுத்து 10 நாளும் ஆகும், 20 நாளும் ஆகும். இதில் வேதனை என்னவென்றால், அந்தப் பட்டும் ஜரிகையும் பெரும்பாலும் நெசவாளியின் சொந்தப் பொருள் அல்ல. சங்கத்தில் இருந்தோ, முதலாளியிடம் இருந்தோ வாங்கி வந்தது. கறை பட்டால் பதில் சொல்ல வேண்டியது நெசவாளிதான்.

ஆக, கூரை மேல் கிடக்கும் தார்ப்பாயில் போடும் ஒரு சாண் ஒட்டு என்பது சில்லறை வேலை கிடையாது.

குடையை விரித்துப் பாருங்க

ஒட்டு என்றதும் பலரும் நினைப்பது, கிழிந்த பிறகு அதன் மேல் ஒரு துண்டு வைத்து தைப்பது. அது பழுது பார்ப்பது. இங்கே சொல்ல வருவது வேறு. துணி நன்றாக இருக்கும்போதே, எந்த இடத்தில் தேயும், எந்த இடத்தில் இழுபடும் என்று பார்த்து, முன்கூட்டியே இன்னொரு அடுக்கு வைத்துத் தைப்பது. இதை 'தாங்கு ஒட்டு' என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. வீட்டில் இருக்கும் சாதாரண குடையை விரித்து உள்பக்கம் பாருங்க. பல குடைகளில் உச்சியில் கம்பி வெளியே வரும் இடத்தில் வட்டமாக ஒரு சின்னத் துணி இருக்கும். கம்பிகள் மடங்கும் மூட்டிலும் துண்டுத் துணி இருக்கும். இரும்பு உரசி குடைத்துணி கிழியாமல் இருக்க வைத்த ஒட்டு அது. 'வரதர் குடை அழகு' என்று பேர் வாங்கிய ஊருக்கு இதைச் சொல்லித்தரத் தேவை இல்லைதான்!

படகிலும் இதே கதை. பாய்மரப் படகுகளின் பாயை எடுத்துப் பார்த்தால், கயிறு கட்டும் மூலைகளில் மட்டும் இரண்டு, மூன்று அடுக்கு துணி வைத்துத் தைத்திருக்கும். காற்று இழுக்கும் பாரம் முழுவதும் வந்து சேருவது அந்த மூலையில்தான். இப்போது படகுகளுக்கு அளவெடுத்துத் தைக்கும் கித்தான் உறைகளிலும் முனை, கண்ணாடி மூலை, கயிறு கட்டும் கொக்கி ஆகிய இடங்களில் ஒட்டு வைப்பது அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சி. தமிழில் இதை 'தார்ப்பாய்' என்று சொல்லும்போது அந்தப் 'பாய்' சும்மா ஒட்டிக்கொண்டது போலத் தெரியவில்லை.

எங்கே தேயும்?

தார்ப்பாயைத் தரையில் விரித்து வைத்துப் பார்த்தால் எதுவும் புரியாது. அதை வழக்கமாகக் கட்டும் இடத்தில் கட்டி, கயிற்றை இறுக்கிய பிறகு பார்க்க வேண்டும்.

ஓட்டு வீட்டில் முதலில் தேய்வது கூரை முகடு. அடுத்தது ஓட்டின் விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும் கடைசி வரிசை. மூன்றாவது, கயிறு கட்டும் வளையங்கள். நான்காவது, காற்றுக்குப் பறக்காமல் இருக்க வைக்கிறார்களே செங்கல், அதன் கீழே. செங்கல்லின் கூர்மையான மூலை ராத்திரி முழுவதும் காற்றில் ஆடி ஆடி துணியை அறுத்து விடும். மணல் நிரப்பிய சின்ன மூட்டை வைத்தால் இந்தத் தொல்லையே கிடையாது. ஆனால் செங்கல்தான் கைக்கு சுலபமாகக் கிடைக்கிறது!

லோடு வண்டிக்காரர்களுக்கு வேறு கணக்கு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கம்பெனி சரக்கு ஏற்றும் வண்டிகளில் பாடியின் நான்கு மூலை, பின்கதவு சங்கிலி கொக்கி, சரக்கின் மேல்முனை ஆகியவை உரசும் இடங்கள். வண்டி ஓடும்போது காற்று அடித்துக்கொண்டே இருப்பதால் வீட்டுக் கூரையில் பல மாதம் தாங்கும் துணி, வண்டியில் சீக்கிரமே நைந்து விடும்.

தேய்மானத்தைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. நல்ல வெயிலில் தார்ப்பாயை இரண்டு பேர் தூக்கிப் பிடிக்க, மூன்றாவது ஆள் அடியில் போய் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரியும் இடம் ஏற்கனவே போய்விட்டது. ஓட்டை இல்லாமல் வெளிச்சம் கொஞ்சம் அதிகமாகக் கசியும் இடம்தான் அடுத்துப் போகப்போகிற இடம். சாக்பீசால் இரண்டையும் வட்டம் போட்டு வைக்க வேண்டும்.

பாவு பார்த்து வெட்டணும்

இந்த இடத்தில் நெசவாளிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் பல கடைகளில் இது நடப்பதில்லை.

ஒட்டுத் துணியை வெட்டும்போது அதன் பாவு, ஊடை இரண்டும் தார்ப்பாயின் பாவு, ஊடையோடு ஒரே திசையில் ஒத்துப்போக வேண்டும். குறுக்கே, கோணலாக வெட்டி வைத்தால் துணி ஒரு பக்கம் நீளும், ஒரு பக்கம் நீளாது. கயிற்றை இழுத்துக் கட்டியதும் ஒட்டைச் சுற்றி சுருக்கம் விழும். அந்தச் சுருக்கத்தில் தண்ணீர் தேங்கும். பிறகு அந்த இடமே கிழியும்.

பருத்திக் கித்தானுக்கு பருத்திக் கித்தான்தான் ஒட்டு. அதே கனம் இருந்தால் போதும். "கெட்டியா இருக்கட்டும்ணே" என்று கேட்டு வாங்கி, பழைய மெல்லிய துணியில் புதிய தடித்த துணியை வைத்துத் தைப்பவர்கள் அதிகம். தடித்த துணி வளையாது. அதன் ஓரத்திலேயே மெல்லிய துணி மடங்கி மடங்கி முறியும். ஒட்டு பத்திரமாக இருக்கும், தார்ப்பாய் போயிருக்கும்.

இன்னொன்று, புதிய பருத்தித் துணி முதல் மழையில் சுருங்கும். அதனால் வெட்டுவதற்கு முன்பு ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, உலர்த்தி எடுப்பது நல்லது.

அளவைப் பொறுத்தவரை, சாக்பீஸ் வட்டத்தைத் தாண்டி எல்லாப் பக்கமும் 2 அங்குலமாவது நல்ல துணியில் உட்கார வேண்டும். நைந்த துணியில் தையல் போட்டால் அது சாம்பலில் ஆணி அடித்த மாதிரி.

நான்கு மூலையையும் உருட்டி வெட்டணும். சதுரமாக விட்டால் இழுபடும் பாரம் மூலையின் ஒற்றைத் தையலில் போய் நிற்கும். காற்று முதலில் தூக்குவதும் அந்த மூலையைத்தான். மூலை தூக்கினால் முழு ஒட்டும் பிய்ந்து வர ரொம்ப நேரம் ஆகாது.

உள்ளேயா, வெளியேயா?

ஒட்டு எந்தப் பக்கம் வைப்பது என்பதில் தையல் கடைகளில் பெரிய வாக்குவாதமே நடக்கும். ஒருவர் உள்பக்கம் என்பார், இன்னொருவர் வெளிப்பக்கம் என்பார். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி.

எதிலிருந்து தேய்மானம் வருகிறதோ அந்தப் பக்கம் ஒட்டு இருக்க வேண்டும். கூரை முகடு, வண்டி மூலை, ஜக்கார்டு பெட்டி மேலே போட்ட துணி - இவை எல்லாம் உள்ளே இருந்து உரசுகின்றன. அங்கே ஒட்டு உள்பக்கம். உரசுவதெல்லாம் ஒட்டின் மேல் உரசட்டும். அது தேய்ந்தால் பிரித்துவிட்டு வேறு ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

மேலே கயிறு குறுக்காகப் போகும் இடத்தில் ஒட்டு வெளிப்பக்கம். அப்படி வைக்கும்போது மேல் ஓரத்தை மடித்து, இடைவெளி இல்லாமல் நெருக்கித் தைக்க வேண்டும். இல்லை என்றால் சரிவில் ஓடி வரும் தண்ணீர் அந்த ஓரத்தில் முட்டி உள்ளே புகுந்து கொள்ளும். ஒட்டுக்கும் தார்ப்பாய்க்கும் நடுவே ஈரம் நின்றால் பூஞ்சை பிடித்து துணி மக்கிவிடும்.

வளையம் அடிக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் ஒட்டு. இதில் கஞ்சத்தனம் கூடாது.

தபால்தலை மாதிரி ஆகிடும்!

தையல் நெருக்கமாக இருந்தால் பலம் என்று நினைப்பது தவறு. சட்டைக்குப் போடுவது போல பொடித் தையல் போட்டால் ஊசித் துளைகள் வரிசையாக நெருங்கி நிற்கும். தபால்தலையைக் கிழிக்க வசதியாக ஓரத்தில் ஓட்டை போட்டிருப்பார்களே, அதேபோல இழுத்த இழுப்புக்கு ஒட்டோடு சேர்ந்து கிழிந்து வரும்.

அங்குலத்துக்கு 6 முதல் 8 தையல் போதும்.

முதலில் ஒட்டின் ஓரத்தை அரை அங்குலம் உள்ளே மடித்து விரலால் நன்றாக நீவ வேண்டும். பிறகு நான்கு பக்கமும் நடுவில் ஒவ்வொரு கையால் டாக்கா. தார்ப்பாய் நகர்ந்து கொண்டே இருக்கும் பெரிய துணி என்பதால் இதைச் செய்யாமல் மெஷினில் வைத்தால் ஒட்டு கோணிக்கொள்ளும். அதன் பிறகு ஓரத்தை ஒட்டி ஒரு சுற்று, கால் அங்குலம் உள்ளே தள்ளி இன்னொரு சுற்று. தொடங்கிய இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிடாமல் ஒரு அங்குலம் முன்னே ஏறிப் போய் முடிக்க வேண்டும். முடிச்சை விட இதுதான் உறுதி.

நடுவில் பெருக்கல் குறி போல குறுக்குத் தையல் போடுவது சிலருக்குப் பழக்கம். பை, பெல்ட் போன்றவற்றுக்கு அது சரி. மழைக்கு நிற்கிற துணியில் தேவை இல்லாத ஒவ்வொரு ஊசித் துளையும் ஒரு ஒழுகல்தான்.

நூலுக்கு பாலியஸ்டர் நூல். பருத்தி நூல் மழையிலும் வெயிலிலும் மாறி மாறிக் கிடந்து சீக்கிரம் இற்றுவிடும். 18, 19-ம் எண் ஊசி வேண்டும். வீட்டுக் கால் மெஷினில் இரண்டு அடுக்கு கித்தான் ஓடும். மடிப்பு வரும் இடத்தில் நான்கு அடுக்கு சேரும்போது திணறும். அப்போது காலை எடுத்துவிட்டு சக்கரத்தைக் கையால் சுற்றி ஒவ்வொரு தையலாக இறக்க வேண்டும். அவசரப்பட்டால் ஊசி முறியும், முறிந்த முனை கண்ணில் தெறிக்கவும் செய்யும்.

மெஷின் இல்லையா? கோணி ஊசியும் மெழுகு தடவிய நூலும் போதும். நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

பருத்திக் கித்தானில் ஒரு நல்ல குணம், நனைந்ததும் இழைகள் உப்பி ஊசித் துளைகளை ஓரளவு அடைத்துக்கொள்ளும். மீதியை அடைக்க தையல் வரிசை மேல் மெழுகுவர்த்தியைத் தேய்த்து, மேலே ஒரு காகிதம் வைத்து லேசான சூட்டில் இஸ்திரி போட்டால் மெழுகு உள்ளே இறங்கிவிடும்.

நீல பிளாஸ்டிக்கில் ஊசி வேண்டாம்

இப்போது கூரைகளில் கித்தானை விட அதிகம் தெரிவது நீலம், மஞ்சள் நிற பிளாஸ்டிக் தார்ப்பாய். விலை குறைவு, கனம் இல்லை, தூக்கிப்போட சுலபம். 2015-ம் ஆண்டு நவம்பர், டிசம்பர் வெள்ளத்தின்போதும், 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் புரண்டபோதும் சட்டென்று கைக்குக் கிடைத்து உதவியது இந்த ரகம்தான். அதை மட்டமாகப் பேச முடியாது.

ஆனால் அது துணி அல்ல. பிளாஸ்டிக் பட்டைகளைப் பின்னி இரண்டு பக்கமும் படலம் பூசியது. ஊசி குத்தினால் அந்தத் துளை மூடாது. தைத்த வரிசையே ஒழுகும் வரிசை ஆகிவிடும். இதற்கு சூடு வைத்து ஒட்டுவதோ, இரண்டு பக்கமும் தார்ப்பாய் டேப் ஒட்டுவதோதான் வழி. ஒட்டும் இடத்தில் தூசியும் ஈரமும் துளி கூட இருக்கக்கூடாது. மழை பெய்து கொண்டிருக்கும்போது ஏணியில் நின்று ஒட்டினால் நிற்காது.

மூலை வளையம் பிய்ந்து போன பிளாஸ்டிக் பாய்க்கு ஓட்டையே போடாத ஒரு வைத்தியம் இருக்கிறது. எலுமிச்சம்பழ அளவில் வழவழப்பான ஒரு கூழாங்கல்லை மூலைக்கு அடியில் வைத்து, துணியை அதன் மேல் போர்த்தி, கழுத்தில் கயிற்றைச் சுருக்குப் போட்டுக் கட்ட வேண்டும். இழுக்க இழுக்க சுருக்கு இறுகும். பாரம் ஒரு புள்ளியில் நிற்காமல் துணி முழுவதும் பரவும். கல்லுக்குப் பதில் உருட்டிய பழந்துணியும் வைக்கலாம்.

236 கிலோ பாரம்

எவ்வளவு நல்ல ஒட்டாக இருந்தாலும் தண்ணீர் தேங்கினால் கதை கந்தல்.

பத்துக்குப் பத்து அடி தார்ப்பாய் தொய்வாக இருந்து, அதில் ஒரு அங்குல ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் எடை எவ்வளவு தெரியுமா? சுமார் 236 லிட்டர். அதாவது 236 கிலோ! நான்கு ஆள் ஏறி உட்கார்ந்த பாரம் நான்கு மூலை வளையத்தில் தொங்குகிறது. வளையம் பிய்ந்து விழுந்தால் அத்தனை தண்ணீரும் மொத்தமாகத் தறி மேல்தான்.

அதனால் நடுவில் ஒரு மூங்கிலைக் கொடுத்து தண்ணீர் இரண்டு பக்கமும் ஓடும்படி சரிவு வைக்க வேண்டும். மூங்கில் கணு துணியில் உரசும் இடத்தில் நீளவாக்கில் ஒரு உள்பக்க ஒட்டு. கணுவை அரத்தால் ராவி விட்டால் இன்னும் நல்லது.

வளையம் அடிக்கும்போதும் ஒரு கவனம் தேவை. கத்தரிக்கோலால் பெருக்கல் குறி போல வெட்டி அதில் வளையத்தைத் திணிப்பது எல்லா இடத்திலும் நடக்கிறது. வெட்டின் நான்கு முனையும் கிழியத் தயாராக நிற்கும். வட்டப் பஞ்ச்சால், வளையத்தின் கழுத்தை விடச் சற்றுச் சிறிய துளை போட்டு, துணி இறுக்கமாகப் பிடிக்கும்படி அடிக்க வேண்டும்.

கடலோரத்தில் உப்பு

2019 நவம்பர் வரை காஞ்சீபுரம் மாவட்டத்தில் இருந்து, இப்போது செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் போய்விட்ட கோவளம், மாமல்லபுரம் போன்ற கடலோர ஊர்களில் பைபர் படகு என்ஜின்களுக்குத் தைக்கும் உறைகளில் கூடுதலாக ஒரு எதிரி உண்டு. உப்பு. காய்ந்த உப்பு பொடி மணல் மாதிரி இழைகளுக்கு நடுவே புகுந்து அறுக்கும். பித்தளை வளையம் பச்சை பிடிக்கும். அங்கே ஒட்டு வைப்பதற்கு முன்பு உறையை நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசிக் காய வைப்பது கட்டாயம். உப்போடு சேர்த்துத் தைத்தால் ஒட்டுக்கு உள்ளேயே அரைக்கும் கல் வைத்துத் தைத்த மாதிரி.

எப்போது தைப்பது?

வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20-ந் தேதி வாக்கில். தார்ப்பாய் தைக்கும் கடைகளில் கூட்டம் சேருவது முதல் அடைமழை பெய்த மறுநாள்! அன்றைக்கு நனைந்த துணியைத் தூக்கிக்கொண்டு வந்து "சும்மா ஒரு ஒட்டு போட்டுக் குடுங்கண்ணே" என்றால், ஈரத் துணியில் அவசரத் தையல்தான் கிடைக்கும். காய்ந்ததும் அது சுருங்கிக் கோணிக்கொள்ளும். செப்டம்பர் மாத வெயிலில் காய்ந்த துணியைக் கொடுத்தால் நிதானமாகத் தைத்து வாங்கலாம். தீபாவளி சட்டைத் தையல் நெரிசலும் அப்போது அவ்வளவாக இருக்காது.

மழை ஓய்ந்து தை பிறந்ததும் தார்ப்பாயை அப்படியே சுருட்டி மூலையில் போடாமல், இரண்டு நாள் வெயிலில் இரண்டு பக்கமும் காய வைத்து, மடிக்காமல் உருட்டி வைப்பது நல்லது. மடித்தால் வருஷா வருஷம் ஒரே மடிப்பில் துணி முறியும்.

விவரமான பழைய லாரிக்காரர்கள் ஒரு வேலை செய்வார்கள். தார்ப்பாய் வாங்கும்போது மிச்சமாகும் துண்டுத் துணியை வீசாமல், அதே தார்ப்பாயின் ஓரத்தில் உள்பக்கம் ஒரு பை தைத்து அதில் போட்டு வைப்பார்கள். கூடவே ஒரு கோணி ஊசி, ஒரு கண்டு நூல். எந்த ஊரில், எந்த ராத்திரியில் கிழிந்தாலும் அதே ரகத் துணி, அதே கனத்தில் கையோடு இருக்கும்.

தறி வீட்டுத் தார்ப்பாயிலும் அப்படி ஒரு பை தைக்க அரை மணி நேரம் ஆகும்.